பழைய வாகனத்துக்கு எஞ்சின் மாற்ற எவ்வளவு முடியும்? கொழும்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பதினைந்து, இருபது வருடம் ஓடிய காரோ வானோ வைத்திருப்பவர்கள் கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு அது மறுபடி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். திறந்த பிறகும் வரியெல்லாம் சேர்ந்து வருகிற விலை நடுத்தரக் குடும்பத்தின் கைக்கு எட்டுவதாக இல்லை. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் எத்தனையோ வீடுகளில் பழைய கொரோலாவும் சன்னியும் லைட் ஏசும் இன்னும் ஓடுவதற்குக் காரணம் இதுதான். அந்த வாகனத்தின் எஞ்சின் விழுந்தால் வீட்டு வரவுசெலவே ஆட்டம் காணும். அவசரத்தில் தவறான முடிவு எடுக்காமல் இருக்க இந்தப் பதில்கள் உதவவேண்டும்.

எஞ்சின் மாற்ற மொத்தம் எவ்வளவு முடியும்?

எஞ்சினின் விலை வேறு, எஞ்சின் மாற்றும் செலவு வேறு. கடையில் சொல்கிற தொகை எஞ்சினுக்கு மட்டும். அதை இறக்கி, ஏற்றி, ஓட்டிப் பார்த்து வீட்டுக்குக் கொண்டுவரும் வரைக்கும் ஆகிற மற்றச் செலவு, பல நேரங்களில் எஞ்சின் விலைக்குக் கிட்டவே வந்துவிடும். பணத்துக்கு ஆட்கள் திண்டாடுவது இந்த இரண்டாவது பகுதியில்தான்.

கணக்குப் போடும் முறையைக் காட்ட ஓர் உதாரணம் தருகிறேன். இதிலுள்ள தொகைகளைச் சந்தை விலையாக எடுக்கவேண்டாம். எஞ்சின் 3 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். இறக்கி ஏற்றும் கூலி 60,000. எஞ்சின் ஒயில், ஃபில்டர், கூலன்ட் 25,000. வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், பெல்ட், ஒயில் சீல்கள் 45,000. எஞ்சின் மவுண்ட் 30,000. கிளச் பிளேட்டும் பிரெஷர் பிளேட்டும் 40,000. ரேடியேட்டர் கழுவி அடைப்பு எடுக்க 15,000. இழுத்துவரும் வண்டிக் கூலியும் எஞ்சின் ஏற்றிவரும் கூலியும் 8,000. இந்த மேலதிகங்கள் மட்டும் 2,23,000 ரூபா. எஞ்சினோடு சேர்த்தால் 5,23,000. திறந்த பிறகு தெரியவரும் கோளாறுகளுக்கு 15 வீதம் ஒதுக்கினால் சுமார் 6 லட்சம். மூன்று லட்சம் என்று பேச்சில் தொடங்கிய வேலை ஆறில் வந்து நிற்பது இப்படித்தான். இதில் ஏமாற்று எதுவும் இல்லை, ஆனால் முதல் நாளே யாராவது இதைச் சொல்லியிருக்கவேண்டும்.

இன்றைய விலையை நேரடியாக எழுதாததற்குக் காரணம் உண்டு. எஞ்சினும் உதிரிப்பாகங்களும் டொலரையும் யென்னையும் பார்த்தே விலை போகின்றன. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவைச் சுற்றி நின்ற டொலர், மே மாதத்தில் 360 வரை போனது. அப்படிப்பட்ட சந்தையில் போன வருடத்து விலையை நம்பிப் புறப்பட்டால் பாதி வழியில் காசு முடிந்துவிடும். மேலே சொன்ன ஒவ்வொரு வரிக்கும் இன்றைய விலையை மூன்று இடத்தில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒரு முற்பகல் வேலைதான்.

கராஜில் "எஞ்சின் முடிந்துவிட்டது" என்கிறார்கள். நம்பலாமா?

சொன்னவர் எதை அளந்து பார்த்துச் சொன்னார் என்று கேளுங்கள். சத்தத்தைக் கேட்டு, புகையைப் பார்த்து மட்டும் சொன்னால் அது அனுபவத்தில் வந்த ஊகம். நல்ல மெக்கானிக்கின் ஊகம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆனால் ஆறு லட்சம் செலவழிக்க ஊகம் போதாது.

புகையை வைத்துச் சில விஷயங்களை நீங்களே பிரித்துப் பார்க்கலாம். காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் நீலப் புகை வந்து பிறகு நின்றுபோனால், அநேகமாக வால்வ் சீல் காய்ந்துவிட்டது. அது எஞ்சின் மாற்றுகிற வேலை அல்ல. ஓடும்போதும் அக்சிலரேட்டர் மிதிக்கும்போதும் விடாமல் நீலப் புகை வந்தால் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங், பிஸ்டன் ஓடுகிற சிலிண்டரின் உள்சுவரான போர், இந்தப் பக்கம் சந்தேகம் போகவேண்டும். அதற்கு முன்னால் பீசீவி வால்வ் என்ற சின்னச் சாமான் அடைபட்டிருக்கிறதா என்று கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். அது அடைபட்டாலும் எஞ்சின் ஒயில் குடிக்கும். வெள்ளைப் புகையோடு ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்துகொண்டே போனால் ஹெட் கேஸ்கட், அதாவது எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டுக்கும் கீழ்ப்பகுதியான புளொக்குக்கும் நடுவில் இருக்கும் தகடு. கறுப்புப் புகை என்றால் எரிபொருள் அளவுக்கு மேலே போகிறது, காற்று குறைகிறது. அதற்கும் போரின் தேய்மானத்துக்கும் சம்பந்தமில்லை.

கீழே இருந்து, வேகம் ஏற ஏற, "டொக் டொக்" என்று கனத்த தட்டல் கேட்டால் மட்டும் உடனே நிறுத்துங்கள். அது கொன்ரொட் (பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் கம்பி) பெயாரிங்காக இருக்கலாம். இன்னும் பத்துக் கிலோமீற்றர் ஓட்டினால் கிராங்கும் புளொக்கும் சேர்ந்து போய், செய்து எடுக்கக்கூடிய எஞ்சின் இரும்பு விலைக்குப் போய்விடும்.

கொம்ப்ரஷன் பார்ப்பது என்றால் என்ன? அதில் என்ன தெரியும்?

இந்த முழுப் பக்கத்திலும் ஒன்றை மட்டும் வாசிப்பதென்றால் இதை வாசியுங்கள். எஞ்சின் சூடாக இருக்கும்போது எல்லா பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு மீற்றரைப் பூட்டி, அக்சிலரேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு ஸ்டார்ட்டரைச் சுற்றுவார்கள். பட்டரி நல்லதாக இருக்கவேண்டும். மீற்றர் காட்டும் எண்ணை ஒரு தாளில் எழுதி வாங்குங்கள்.

டொயோட்டாவின் 4ஏ, 5ஏ குடும்பத்து எஞ்சின்களை, அதாவது 110 கொரோலாவில் இருப்பதுபோன்றவற்றை, எடுத்துக்கொண்டால் நல்ல நிலையில் சுமார் 190 பீஎஸ்ஐ (அழுத்தத்தின் அலகு) காட்டும். சுமார் 140க்குக் கீழே போனால் வேலை இருக்கிறது. நான்கு சிலிண்டருக்கும் இடையிலான வித்தியாசம் சுமார் 14க்கு மேல் போகக்கூடாது. டீசல் எஞ்சினில் எண்கள் இதைவிட இரண்டு மடங்குக்கும் மேலே இருக்கும், மீற்றரும் வேறு.

ஒரு சிலிண்டர் குறைவாகக் காட்டினால் அதற்குள் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஒயில் விட்டு மறுபடி அளக்கச் சொல்லுங்கள். எண் நன்றாக ஏறினால் ரிங்கும் போரும் தேய்ந்திருக்கின்றன. ஏறாவிட்டால் வால்வ் அல்லது ஹெட் கேஸ்கட். பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் இரண்டும் சேர்ந்து குறைந்தால், நடுவில் கேஸ்கட் எரிந்திருக்கிறது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். ஹெட்டில் முடிகிற வேலைக்கும் முழு எஞ்சினுக்கும் இடையில் இருக்கிற தூரம் சில லட்சங்கள். அந்தத் தூரத்தை இந்தப் பரிசோதனை சொல்லிவிடுகிறது.

பரிசோதனை செய்யாமலே "மாற்றத்தான் வேண்டும்" என்று ஒரு கராஜ் பிடிவாதமாக நின்றால், வாகனத்தை இழுத்துக்கொண்டு இன்னொரு இடத்துக்குப் போகிற செலவு வீண்செலவு அல்ல.

கொள்ளுப்பிட்டி நெரிசலில் ஹீட் ஆகி நின்றது. எஞ்சின் போய்விட்டதா?

போயிருக்கவேண்டும் என்று இல்லை. எவ்வளவு நேரம் சூட்டோடு ஓடியது என்பதைப் பொறுத்தது. ஊசி சிவப்புக்கு ஏறியதும் ஓரங்கட்டி நிறுத்தியிருந்தால் பல நேரம் ஃபேன் மோட்டார், தெர்மோஸ்டாட், ஒரு ஹோஸ் என்று சின்னதாக முடியும். "வீடு கிட்டத்தான்" என்று ஓட்டியிருந்தால் ஹெட் வளைந்திருக்கும்.

ஹெட்டைக் கழற்றினால் அதை லேத் பட்டறைக்கு அனுப்பி நேர்கோட்டுச் சட்டம் வைத்து வளைவைப் பார்ப்பார்கள். பல ஜப்பான் எஞ்சின்களில் 0.05 மில்லிமீற்றருக்கு மேல் வளைவு இருக்கக்கூடாது. கொஞ்சம் என்றால் முகத்தைச் சீவி எடுக்கலாம். வெடிப்பு இருக்கிறதா என்று அழுத்தம் கொடுத்துப் பார்க்கவும் சொல்லுங்கள். லைட் ஏசில் வருகிற 2சீ டீசல் எஞ்சினில் ஹெட் வெடிப்பது எல்லா மெக்கானிக்குக்கும் தெரிந்த கதை. சீவி மட்டும் பூட்டி, வெடிப்பைப் பார்க்காமல் விட்டால் ஒரு மாதத்தில் அதே கூலியை மறுபடி கொடுக்கவேண்டி வரும்.

ஒயில் குச்சியை இழுத்துப் பாருங்கள். ஒயில் பால்தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் கலந்திருக்கிறது. அதற்குமேல் ஒரு முறைகூட ஸ்டார்ட் செய்யவேண்டாம்.

ரேடியேட்டருக்குக் கிணற்றுத் தண்ணீரோ குழாய்த் தண்ணீரோ ஊற்றுகிற பழக்கம் நம்மவர்களிடம் பரவலாக உண்டு. அப்படி ஓடிய வாகனத்தின் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் செங்கல் நிறத் தண்ணீர் எட்டிப் பார்க்கும். விரலை விட்டால் நகத்துக்குள் துரு ஒட்டும். உள்ளே சின்னக் குழாய்களில் பாதி அடைபட்டிருக்கும். அதே ரேடியேட்டரைப் புது எஞ்சினுக்கும் பூட்டுவது, அந்த எஞ்சினையும் கொல்வதற்கான ஏற்பாடு. முதல் கணக்கில் ரேடியேட்டருக்கு என்று தனியாக ஒரு வரி எழுதியது இதற்காகவே.

டைமிங் பெல்ட் அறுந்துவிட்டது. அதற்கும் எஞ்சின் மாற்றவேண்டுமா?

எஞ்சினைப் பொறுத்தது. 5ஏ போன்றவற்றில் பெல்ட் அறுந்தாலும் வால்வும் பிஸ்டனும் முட்டாது, புதுப் பெல்ட் போட்டால் ஓடும். முட்டுகிற வகை எஞ்சினில் வால்வ் வளையும். அப்போதும் பெரும்பாலும் ஹெட் வேலையோடு முடியும்.

இருக்கிற எஞ்சினைச் செய்வதா, ஜப்பானிலிருந்து வந்த பாவித்த எஞ்சின் ஒன்று வாங்கிப் போடுவதா?

இரண்டுக்கும் ஆதரவாளர்கள் உண்டு. என் அபிப்பிராயம், நம்பிக்கையான கையும் நேரமும் இருந்தால், இருக்கிற எஞ்சினைச் செய்வதே நல்லது. அதன் வரலாறு உங்களுக்குத் தெரியும், எஞ்சின் இலக்கம் மாறாது, வாகனப் புத்தகத்தில் (பதிவுச் சான்றிதழில்) கை வைக்கவேண்டிய தேவை இல்லை.

செய்வது என்றால் என்ன செய்கிறார்கள் என்று தெரிந்துவைத்திருங்கள். போரை அளப்பார்கள். தேய்வு குறைவாக இருந்தால் ரிங் மட்டும். கூடுதலாக இருந்தால் போர் அடித்து, அதாவது சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கி, 0.25 அல்லது 0.50 மில்லிமீற்றர் ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவார்கள். அதற்கும் மேலே போனால் லைனர் இறக்கிப் பழைய அளவுக்குக் கொண்டுவருவார்கள். கிராங்கையும் அப்படியே அரைத்து, அளவுக்கேற்ற பெயாரிங் போடவேண்டும். ஹெட்டில் வால்வ் சீட் வெட்டுவது, கைட், சீல் மாற்றுவது தனி வேலை. ஒயில் பம்பை மறக்கக்கூடாது. பழைய ஒயில் பம்போடு பூட்டிய எஞ்சின், செய்த காசையெல்லாம் அழுத்தக் குறைவில் இழந்துவிடும்.

ஹெட்டை எடுத்த பிறகு கராஜுக்கு நேரில் போய் ஒரு காரியம் செய்யுங்கள். சிலிண்டரின் மேல் விளிம்பிலிருந்து ஒரு விரல் ஆழத்துக்குள் நகத்தை மெதுவாகக் கீழே இழுத்துப் பாருங்கள். ரிங் போகாத மேல்பகுதிக்கும் போய்வந்து தேய்ந்த பகுதிக்கும் நடுவில் ஒரு படி இருக்கும். நகம் அதில் தெளிவாகத் தடுக்கினால் ரிங் மட்டும் போட்டு ஒப்பேற்ற முடியாது. சுவரில் நெடுக்குக் கோடுகள் தெரிந்தாலும் அப்படித்தான். நகம் தடுக்காமல், சுவரில் தொழிற்சாலையில் இழுத்த குறுக்குக் கோடுகள் இன்னும் தெரிந்தால், போர் அடிக்கவேண்டும் என்று சொல்பவரிடம் அளவைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம்.

நேரம்தான் இந்த வழியின் குறை. எஞ்சின் மாற்றினால் சில நாளில் வாகனம் கைக்கு வரும். செய்தால் லேத், சாமான், பூட்டுவது என்று இரண்டு மூன்று வாரம் போகும். பாடசாலை வான் ஓட்டுபவருக்கு அத்தனை நாள் வருமானம் போவதும் செலவுதான், அதையும் கணக்கில் எழுதவேண்டும். புளொக் வெடித்திருந்தால், அல்லது கொன்ரொட் உடைந்து புளொக்கைத் துளைத்திருந்தால் யோசிக்க ஒன்றுமில்லை, மாற்றத்தான் வேண்டும்.

பஞ்சிகாவத்தையில் எஞ்சின் வாங்கும்போது எதைப் பார்க்கவேண்டும்?

மருதானைப் பக்கம் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்குப் போனால் தேடுகிற எஞ்சின் எப்படியும் ஒரு கடையில் இருக்கும், அல்லது அடுத்த கடையிலிருந்து எடுத்துத் தருவார்கள். பூட்டப்போகிற மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போங்கள். பின்னால் "நீங்கள் வாங்கித் தந்த எஞ்சின் சரியில்லை" என்ற பேச்சுக்கு இடமிருக்காது. காலையிலேயே போங்கள், வெளிச்சத்தில் பார்க்கவேண்டும்.

ஒயில் மூடியைத் திறந்து ரோர்ச் அடியுங்கள். உள்ளே தேன் நிறத்தில் பூச்சு இருந்தால் வயதுக்கு ஏற்றதுதான். கறுப்புத் தார் கட்டியாக ஒட்டியிருந்தால் ஒயில் மாற்றாமல் ஓட்டியிருக்கிறார்கள். ஒரு ஸ்பானரால் கிராங்கைக் கையால் சுற்றச் சொல்லுங்கள். இரண்டு முழுச் சுற்று, எங்கும் பிடிக்காமல் வரவேண்டும். பிளக் நான்கையும் கழற்றிப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒன்று மட்டும் ஒயிலில் நனைந்திருந்தால் அந்தச் சிலிண்டரில் விஷயம் இருக்கிறது. தண்ணீர் ஓடும் வாய்களில் துரு எவ்வளவு என்று பாருங்கள். வெளிப்பக்கம் பளபளவென்று கழுவி வர்ணம் அடித்திருந்தால் அதற்காகக் கூடுதல் விலை கொடுக்கவேண்டாம். கழுவாத எஞ்சினில் ஒயில் கசிவு எங்கே என்று தெரியும். அது உங்களுக்கு நல்லது.

அடுத்தது பொருத்தம். ஒரே பெயருள்ள எஞ்சின் என்றாலும் எல்லாம் ஒன்றல்ல. 1என்இசட் எஞ்சின் 121 கொரோலாவிலும் வருகிறது, விட்ஸிலும் வருகிறது, புரொபொக்ஸிலும் வருகிறது. சம்ப், இன்டேக், மவுண்ட் பூட்டும் இடம், சென்சர் பிளக் என்று வித்தியாசங்கள் வரலாம். த்ரொட்டில் சிலதில் கேபிளில் இயங்கும், சிலதில் மின்சாரத்தில். உங்கள் பழைய எஞ்சினைப் பல கோணத்தில் போனில் படம் எடுத்துக்கொண்டு போங்கள். கடையில் நின்றுகொண்டு ஒவ்வொரு பிளக்கையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

விலை பேசும்போது "முழு எஞ்சினா, ஹாஃப் எஞ்சினா" என்று தெளிவாகக் கேளுங்கள். ஹாஃப் என்றால் ஹெட் இல்லாத கீழ்ப்பகுதி. முழு எஞ்சின் என்றாலும் ஓல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர், ஏசி கொம்பிரஸர் சேருமா என்பதைக் கடைக்காரர் வாயால் சொல்லவைத்து பில்லில் எழுதுவியுங்கள்.

செக்கிங் வாரண்டி என்று தருகிறார்களே, அது எதற்கு உதவும்?

எஞ்சினைப் பூட்டி ஓட்டிப் பார்த்து, சரியில்லை என்றால் மாற்றித் தருவதற்கான சில நாள் அவகாசம் அது. எண்ணுவது எந்த நாளிலிருந்து என்பதைக் கவனியுங்கள். கராஜில் வரிசையில் நான்கு நாள் கிடந்தால் வாங்கிய நாளிலிருந்து எண்ணிய வாரண்டி அங்கேயே முடிந்துவிடும். பூட்டிய நாளிலிருந்து எண்ணும்படி கேட்டு, எஞ்சின் இலக்கத்தோடு பில்லில் எழுதி வாங்குங்கள். இன்னொன்று, கடைக்காரர் எஞ்சினைத்தான் மாற்றித் தருவார். இரண்டாவது தடவை இறக்கி ஏற்றும் கூலி உங்கள் தலையில்தான் விழும். அந்தக் கூலியில் பாதியையாவது ஏற்பாரா என்று முதலிலேயே பேசிப் பாருங்கள். கேட்டால் சிலர் சம்மதிக்கிறார்கள்.

பில் தர மறுத்தாலும், தந்த வாக்கை மீறினாலும் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம். கையில் பில் இருந்தால்தான் அந்த முறைப்பாட்டுக்குக் கால் இருக்கும்.

எஞ்சின் இலக்கம் மாறினால் புத்தகத்தில் என்ன செய்யவேண்டும்?

கட்டாயம் மாற்றவேண்டும். தயவுசெய்து இதைத் தள்ளிப்போடாதீர்கள். வாகனப் பதிவுச் சான்றிதழில் எஞ்சின் இலக்கமும் செசி இலக்கமும் இருக்கின்றன. வேறு இலக்கமுள்ள எஞ்சினோடு ஓடினால் விற்கும்போது வாங்குபவர் பின்வாங்குவார், விபத்து நடந்தால் காப்புறுதியில் கேள்வி வரும், பொலிஸ் பரிசோதனையில் எஞ்சின் எங்கிருந்து வந்தது என்று நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது.

எஞ்சின் வாங்கிய பில், அதில் எஞ்சின் இலக்கம், விற்ற கடையின் பெயர், முகவரி, இவைதான் ஆதாரம். அசல் பில்லைக் கொடுக்குமுன் படியெடுத்து வையுங்கள். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் நாரஹேன்பிட்டி அலுவலகத்தில் எந்தப் படிவம், வாகனத்தைப் பரிசோதனைக்குக் கொண்டுவரவேண்டுமா, கட்டணம் எவ்வளவு என்பதை எஞ்சின் வாங்குவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். தமிழில் எழுதிக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. வாகனம் லீசிங்கில் இருந்தால் அந்தக் கம்பனியின் சம்மதமும் வேண்டும்.

அதே செலவில் பெரிய எஞ்சினோ டீசல் எஞ்சினோ போட்டால் என்ன?

நான் பரிந்துரைக்கமாட்டேன். சிலிண்டர் கொள்ளளவும் எரிபொருள் வகையும் புத்தகத்தில் இருப்பவை, அவற்றை மாற்ற அனுமதி தேவை. அதோடு மவுண்ட், வயரிங், எக்ஸோஸ்ட், கியர் என்று ஒன்றன்பின் ஒன்றாக இழுக்கும். வருடாந்தப் புகைப் பரிசோதனையில் பெற்றோலுக்கும் டீசலுக்கும் அளவீடே வேறு. அதில் தேறாவிட்டால் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க முடியாது.

இவ்வளவு செலவழிக்க என் வாகனம் பெறுமதியானதா?

மூன்று தொகையை எழுதுங்கள். ஓடுகிற நிலையில் உங்கள் வாகனம் என்ன விலை போகும்? எஞ்சின் ஓடாத இந்த நிலையில் இன்று யாராவது என்ன தருவார்? வேலை முழுவதற்கும் எவ்வளவு முடியும்? ஓடினால் 35 லட்சம், இப்படியே விற்றால் 27 லட்சம், வேலை 6 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 8, செலவு 6. செய்வது சரி. அதே வாகனத்துக்குத் துரு வேலைக்கு இன்னொரு 4 லட்சம் தேவையென்றால் செலவு 10 ஆகிறது. அப்போது இருக்கிற விலைக்கு விற்பதை யோசிக்கவேண்டும்.

விற்கிற எண்ணமே இல்லை, இன்னும் ஐந்து வருடம் ஓட்டவேண்டும் என்றால் வேறு கணக்கு. 6 லட்சத்தை 60 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 10,000. அதை இன்னொரு வாகனத்தின் மாத லீசிங் தவணையோடு வைத்துப் பாருங்கள். பல குடும்பங்களுக்குப் பழையதைச் செய்வதே தாங்கக்கூடிய வழி.

எஞ்சின் பொருத்துமுன் வாகனத்தை லிஃப்டில் ஏற்றி அடிப்பக்கத்தைப் பாருங்கள். காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவில் வளர்ந்த வாகனங்களை உப்புக் காற்று அடியிலிருந்து தின்றிருக்கும். மரைன் டிரைவ் ஓரம் வெளியில் நிறுத்திய காருக்கு மேலே வர்ணம் நன்றாகவே இருக்கலாம். கீழே சஸ்பென்ஷன் பூட்டுகிற இடத்தில் ஸ்குரூ டிரைவரால் குத்தினால் தகடு உதிரும். அங்கே உதிர்ந்தால் எஞ்சினுக்குக் காசு போடாதீர்கள். எஞ்சினை மாற்றலாம், வண்டியின் எலும்பை மாற்ற முடியாது.

காப்புறுதி எஞ்சினுக்குப் பணம் தருமா?

தேய்ந்து போனதற்குத் தராது. விபத்துக்கும், பத்திரத்தில் சேர்த்திருந்தால் வெள்ளத்துக்கும் தரும். களனி கங்கை பெருகினால் கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கம் என்ன நடக்கும் என்று 2016 மே மாதத்தில் பார்த்தோம். வெள்ளத்தில் நின்ற வாகனத்தை ஸ்டார்ட் செய்து பார்க்கவே கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் அதை அமுக்க முடியாமல் கொன்ரொட் வளையும். பட்டரி வயரைக் கழற்றி, படம் எடுத்து, காப்புறுதிக்காரருக்குச் சொல்லி, இழுத்துக்கொண்டு போகவேண்டும். நீங்கள் ஸ்டார்ட் செய்ததால் உடைந்தது என்று ஆனால் இழப்பீட்டிலும் சிக்கல் வரும்.

கராஜ்காரரிடம் முன்கூட்டியே என்ன பேசவேண்டும்?

கூலி எவ்வளவு, அதில் எது எது அடங்கும், சாமானை யார் வாங்குவது, கழற்றிய பழைய சாமான் யாருக்கு, எத்தனை நாள். இவற்றை ஒரு தாளில் எழுதி இருவரும் வைத்திருங்கள். முழுப் பணத்தையும் முன்னதாகக் கொடுக்கவேண்டாம். சாமானுக்கான பணத்தைச் சாமான் வாங்கும் நாளில், கூலியில் ஒரு பகுதியை வேலை முடிந்து நீண்ட ஓட்டம் ஓட்டிப் பார்த்த பிறகு என்று பிரித்துக்கொள்ளுங்கள். நல்ல மெக்கானிக் பாஸ் எவரும் இதற்குக் கோபிக்கமாட்டார்.

பில்லில் வற் என்று 18 வீதம் சேர்த்திருந்தால் வற் பதிவு இலக்கம் எங்கே என்று பாருங்கள். பதிவில்லாத இடத்துக்கு அந்த வரியை அறவிடும் உரிமை இல்லை. சிங்களத்தில் கையால் எழுதிய பில் வாசிக்கச் சிரமம் என்றால், பணம் கொடுக்குமுன் வரி வரியாக வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஹைபிரிட் வாகனத்துக்கும் இதெல்லாம் பொருந்துமா?

எஞ்சின் பகுதி பொருந்தும். ஆனால் ஹைபிரிட் பட்டரியின் நிலையை முதலில் பாருங்கள். இரண்டுமே கடைசி மூச்சில் இருந்தால் இரட்டைச் செலவு. மூன்றாம் தலைமுறை பிரியஸில் ஈஜிஆர் பாதை (புகையில் ஒரு பகுதியை எஞ்சினுக்கே திருப்பி அனுப்பும் வழி) கரியால் அடைபட்டு ஹெட் கேஸ்கட் போவது அறிந்த நோய். எஞ்சின் மாற்றினாலும் செய்தாலும் அந்தப் பாதையையும் இன்டேக்கையும் கழற்றிச் சுத்தம் செய்யவேண்டும். உயர் மின்னழுத்த வேலை தெரியாத கையில் கொடுக்கவே கூடாது, அது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

செய்த எஞ்சினை எப்படி ஓட்டவேண்டும்?

முதல் 1,000 கிலோமீற்றர் பொறுமை வேண்டும். ஒரே வேகத்தில் நீண்ட நேரம் ஓட்டுவதும், மேல் கியரில் இழுக்கமுடியாமல் இழுப்பதும், நிறுத்தி வைத்து வெறுமனே ஓடவிடுவதும் ரிங் பதிய உதவாது. வேகத்தை ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். அதிவேகப் பாதையில் 100இல் போகிற பயணத்தைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். 500 முதல் 1,000 கிலோமீற்றருக்குள் முதல் ஒயிலை மாற்றிவிடுங்கள். புது ரிங்கும் போரும் உரசி வந்த தூள் எல்லாம் அதில்தான் இருக்கும். முதல் வாரம் தினமும் காலையில் ஒயிலும் கூலன்டும் பாருங்கள். கொஞ்சம் குறைவது இயல்பு, தொடர்ந்து குறைந்தால் உடனே காட்டுங்கள்.

கழற்றிய பழைய எஞ்சினை என்ன செய்வது?

கராஜிலேயே விட்டுவிட்டு வராதீர்கள். அதிலுள்ள ஓல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர், ஏசி கொம்பிரஸர் நல்லவையாக இருந்தால் கழற்றி வீட்டில் வையுங்கள். வாங்கிய எஞ்சினோடு வந்தவை எப்போது நிற்கும் என்று சொல்லமுடியாது. ஹெட்டோ கிராங்கோ நன்றாக இருந்தால் இரும்பு விலையைவிடக் கூடுதலாகப் போகும், பஞ்சிகாவத்தையில் கேட்டுப் பாருங்கள். புளொக்கை மட்டும், புத்தகத்தில் புது இலக்கம் ஏறும்வரை விற்கவேண்டாம். பழைய இலக்கத்தைக் காட்டச் சொன்னால் காட்டவேண்டும். விற்கும்போது வாங்குபவரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், திகதி எழுதிக் கையெழுத்து வாங்கி, வாகனக் கோப்புக்குள் வையுங்கள்.